மெனுவில் மிச்சமிருக்கும் டோமினோ

எவெலியோ பூப்போவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவரைப் பற்றிப் பேச வாயெடுப்பவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது நானே அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன், போகட்டும்.

எங்கள் கடலோர ஊரான ஹிபாராவில் அவர் முகத்தைப் பார்க்காதவர்கள்கூட அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். ஓய்வு பெறும்வரை மருத்துவமனையின் டெலிபோன் போர்டு அவர் கையில்தான் இருந்தது. யார் வீட்டில் பிரசவ வலி, யாருக்கு மாகாணத் தலைநகர் ஹோல்கீனிலிருந்து ஆம்புலன்ஸ் வருகிறது, எந்த டாக்டர் வீட்டில் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொல்கிறார், எல்லாம் அவர் காது வழியாகத்தான் போகும். "பொய் சொல்றவனுக்கு வார்த்தைக்கு முன்னாடி மூச்சு வந்துரும், மகளே. சும்மா கேட்டுப் பாரு" என்பார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லார் மூச்சும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நெரெய்தாவும் நானும் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த கம்ப்யூட்டர் கிளப்பில் வேலை பார்த்தோம். ஒருநாள் கிளப் போன் வேலை செய்யவில்லை என்று புகார் செய்ய, பக்கத்துக் கடையிலிருந்து போன் போட்டாள். எண்ணைத் தப்பாகச் சுழற்றி மருத்துவமனைக்குப் போய்விட்டது.

"எங்க போன் செத்துப்போச்சு" என்றாள் எடுத்த எடுப்பில்.

"செத்ததெல்லாம் பின்பக்கம்மா, சவக்கிடங்குல விசாரிங்க. உயிர் இருந்தா மட்டும் என்கிட்ட பேசுங்க."

"உயிர் இருக்கறவங்க உங்ககிட்ட பேசினா அதுக்கப்புறம் இருக்குமா?"

அதற்குப் பிறகு அவளுக்கு அடிக்கடி எண் தப்பாகச் சுழன்றது. அந்த வருஷக் கடைசியில் கல்யாணம். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எவெலியோ மட்டும், "முகத்தைப் பாத்துக் கட்டினவனுக்குப் பத்து வருஷத்துல வேற முகம். நான் குரலைக் கட்டியிருக்கேன், அது கிழடாகாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தக் குரல் கிழடாகவில்லை என்பதற்கு நானே சாட்சி.

மனிதருக்கு டோமினோ என்றால் உயிர். காயைத் தொட்டாலே போதும், விரல்நுனியில் புள்ளியை எண்ணிவிடுவார். அவருடைய ஜோடி பௌதிலியோ, மீன்பிடித்து ஓய்ந்த கிழவன், அசல் களவாணி. மற்றவர்கள் கண்ணாலேயே ஜோடிக்குச் சைகை காட்டுவார்கள். பௌதிலியோவின் ஜோடிக்குக் கண் இல்லை. அதனால் இருமிக் காட்டுவான். நெரெய்தா ஜன்னலிலிருந்தே கத்துவாள்: "பௌதிலியோவுக்குக் கையில அஞ்சு வந்தா மட்டும் சளி பிடிக்குது, யாராவது கவனிச்சீங்களா?" ஆட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஆடுவார்கள். அதற்கு ஒரே சட்டம்தான். தோற்றவர் எழுந்து காப்பி போட வேண்டும். அந்த வீட்டில் பெரும்பாலும் எவெலியோதான் காப்பி போட்டார்.

பிறகு எங்கள் கிளப் கம்ப்யூட்டர்களை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நான் முணுமுணுத்தேன், பழகின கழுதையை விற்றுவிட்டுத் தெரியாத குதிரை எதற்கு என்று. நெரெய்தாவோ சீனி டப்பாவைக் கண்ட எறும்பாக அதற்குள் புகுந்துவிட்டாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் நிரல் ஒன்று அதிலேயே இருந்தது. கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்து வீட்டுக்குக் கொண்டுபோய், எவெலியோ முன்னால் வைத்தாள். அந்த நிரலின் கட்டைக்குரலைக் கேட்டு, "யாரு இவன், பஸ்ல டிக்கெட் கேக்கற இன்ஸ்பெக்டர் மாதிரி?" என்றார் அவர். அன்றிலிருந்து அதற்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர்.

அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தனியாக ஆடட்டுமே என்று டோமினோ நிரல் ஒன்றையும் எழுதிக் கொடுத்தாள். மெனுவைத் திறந்து "டோ" என்று தட்டினால் இன்ஸ்பெக்டர் "டோமினோ" என்பான். என்டரை அழுத்தினால் ஆட்டம் ஆரம்பம். முதலில் காய்களின் எண்ணைக்கூட இன்ஸ்பெக்டர்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நெரெய்தாவின் நுரையீரலில் இருப்பது என்ன என்று தெரிந்த வாரத்தில், கிளப் மூடியிருந்த ஒரு மதியம் என்னை வரச் சொன்னாள். மேஜைமேல் டோமினோக் காய்களும், மைக் வைத்த ஹெட்போனும் இருந்தன.

"ஃபேனை நிறுத்து. காயைக் கலக்கு, நல்லா சத்தம் வர்ற மாதிரி" என்றாள்.

"எதுக்குடி?"

"போட்டோவை வெச்சுக்கிட்டு அந்த ஆள் என்ன பண்ணுவான்? நாக்குலயா தடவிப் பாப்பான்?"

நான் கலக்கினேன். காய்கள் மேஜையில் உருண்டு முடிந்ததும் அவள் மைக்கில் சொன்னாள்: "தண்ணி குடுத்தாச்சு, கிழவா. காயை எடு." எங்கள் பக்கத்தில் கலக்குவதற்குத் தண்ணி கொடுப்பது என்று பெயர். பிறகு எண்கள், வெற்று-வெற்றிலிருந்து ஆறு-ஆறு வரை. பிறகு ஏச்சுகள். அதில்தான் அவள் உண்மையான திறமை இருந்தது. "என்ன யோசனை? ஆமை முட்டையிட்டுட்டுக் கடலுக்கே திரும்பிப் போயிருச்சு." "எண்ணத் தெரியாத ஆளா இத்தனை வருஷம் டெலிபோன் நம்பர் போட்ட?" "இருமாத, பௌதிலியோ இங்க இல்ல." அவர் ஜெயித்தால், "ஏமாத்திட்ட." தோற்றால், "எழுந்திரு, காப்பி." ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன் மூக்குறிஞ்சல் அதுல ஏறுது, வெளிய போய் அழு" என்று துரத்தினாள்.

எல்லாவற்றையும் அந்த டோமினோ நிரலில் ஏற்றினாள். எதற்காகச் செய்கிறாள் என்று எவெலியோவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவளைப் புதைத்தோம்.

சாவு வீட்டுக் கூட்டம் கலைந்த மறுநாள் மதியம், சுவருக்கு அந்தப் பக்கம் காய்கள் உருண்டன. "தண்ணி குடுத்தாச்சு, கிழவா." ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் "எழுந்திரு, காப்பி" என்றது குரல். நாற்காலி பின்னால் நகர்ந்தது, அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. மனிதர் தோற்றுவிட்டுக் காப்பி போடப் போயிருக்கிறார்.

பிறகு அது தினமும் நடந்தது. மதியச் சாப்பாடு ஆனதும் அவள் குரல் வரும். போகப்போக எனக்கும் பழகிவிட்டது. அது வந்த பிறகுதான் நான் பாத்திரம் கழுவ எழுவேன். செத்தவளை ஒரு நிரலுக்குள் வைத்துத் தினமும் எழுப்புவது நல்லதா என்று பாதிரியார்கூட ஒருமுறை என்னிடம் கேட்டார். "நீங்களும் ஞாயித்துக்கிழமை அதைத்தானே செய்றீங்க" என்றேன்.

அப்படி இரண்டு வருஷம் போயிற்று. ஒரு மதியம் குரல் வரவில்லை. நான் பாத்திரங்களோடு காத்திருந்தேன். சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒடாலிஸ், கொஞ்சம் வர்றியா? அவ பேச மாட்டேங்கிறா."

போனேன். எவெலியோ கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் மடியில். முகத்தில் சிரிப்புதான், ஆனால் காதோரம் வியர்த்திருந்தது. பௌதிலியோ வாசற்படியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன செஞ்சீங்க அவளை?" என்றேன்.

"நேத்து ரெண்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயிச்சேன், அதான் கோவமோ என்னமோ."

மெனுவைத் திறந்தேன். "டோமினோ" என்றான் இன்ஸ்பெக்டர். என்டர் தட்டினேன். ஒன்றும் இல்லை. பிழை என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. மெனுவோடு இதுதான் தொல்லை. அதற்கு வாய் கிடையாது. அழைத்த நிரல் வரவில்லையென்றால், கல்லுளிமங்கன் மாதிரி சும்மா இருந்துவிடும். நாம்தான் தோண்ட வேண்டும். பெரும்பாலும் நிரலின் இடம் மாறியிருக்கும், அல்லது அதற்கு ஓடும் அனுமதி போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் சின்ன விஷயம். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பழக்கதோஷத்தில் முதலில் பின்பக்கக் கம்பிகளைத் தடவிப் பார்த்தேன். ஒரு கம்பி சும்மா தொங்கியது.

"இதுல ஒரு டிஸ்க் இருக்குமே, வெளி டிஸ்க்?"

"அதுவா? நேத்து சாயந்திரம் பௌதிலியோகிட்ட குடுத்தேன்" என்றார் எவெலியோ உற்சாகமாக. "காசு வாங்கிட்டு டிஸ்க்ல சீரியல் ஏத்திக் குடுக்கறாளே, அந்த மய்லேன்கிட்ட நிரப்பிட்டு வர்றேன்னான். ரேடியோ நாடகம், பழைய பேஸ்பால் வர்ணனை எல்லாம். எனக்குப் பிறந்தநாள் வருதாம்! அதக் கேளு, இவன் டிஸ்க்கைக் கழட்டப் போன நேரம் பாத்துக் கரண்ட் போச்சு. இவன் இருட்டுல முட்டி மோதி, பூந்தொட்டியத் தள்ளி, நாற்காலியத் தள்ளி... தள்ளி நில்லுடா, கண்ணு இருக்கறவனுங்க எல்லாம் கரண்ட் இருக்கற வரைக்கும்தான் மனுஷங்கன்னு சொல்லிட்டு, ஒரே இழுப்புல நானே கழட்டிக் குடுத்தேன்."

"பூந்தொட்டிய நான் தள்ளல, கூட்டாளி, அது தானா விழுந்துச்சு" என்றான் வாசலிலிருந்து பௌதிலியோ.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் டோமினோ ஷார்ட்கட்டின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்தேன். ஷார்ட்கட் என்பது வேறொன்றுமில்லை, நாலைந்து வரிகள். பெயர் இது, படம் இது, அழுத்தினால் ஓட வேண்டிய நிரல் இன்ன இடத்தில். மெனுவில் பெயரை ஏற்றிவிட்டு, ஆளை எங்கே வேண்டுமானாலும் குடிவைக்கலாம். இன்ஸ்பெக்டர் முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான். என் கண் அவன் வாயைவிட வேகமாகக் கடைசி வரிக்குப் போய்விட்டது.

டோமினோ கம்ப்யூட்டருக்குள் இல்லை. வெளி டிஸ்க்கில் இருந்தது.

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் சாவதற்கு முந்தைய மழைக்காலத்தில் உள்டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. நெரெய்தா அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கிளப்பில் கழித்த ஒன்றைப் போட்டாள். அந்தப் பழைய டிஸ்க்கின் காந்தம்தான் பௌதிலியோவின் சமையலறைச் சுவரில் மீன் கத்திகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழித்த டிஸ்க்கை எப்படி நம்புவது? புதிதாக இருந்த வெளி டிஸ்க்கில் டோமினோவைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஷார்ட்கட்டை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறாள். அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவருக்கு எதுவும் மாறவில்லையே. அதே "டோ", அதே என்டர், அதே குரல்.

"...மீடியா, நெரெய்..." என்று இன்ஸ்பெக்டர் கடைசி வரிக்கு வந்திருந்தான். நான் பாய்ந்து ஒலியை அடைத்தேன்.

"என்னாச்சு?" என்றார் எவெலியோ.

"இவன் கத்தறது தலைவலிக்குது. ஒரு சாமான் வேணும், எடுத்துட்டு வந்துடறேன்."

பௌதிலியோவின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். தெருமுனையில் வைத்துச் சொன்னேன். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், முழங்கால் தேய்ந்த அந்தக் கிழவன் எனக்கு முன்னால் ஓடினான். கடற்கரைச் சாலையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ, "பௌதிலியோ, யாரு துரத்தறா, உன் பெண்டாட்டியா?" என்று கேட்டார்கள். அவன் ஓட்டத்தை நிறுத்தவில்லை. மய்லேன் இன்னும் நிரப்பியிருக்க மாட்டாள், கரண்ட் இல்லாமல் எப்படி நிரப்புவாள், அவள் தெருவுக்கு வேறு லைன், அங்கே இன்னும் கரண்ட் வந்திருக்காது கன்னிமாதாவே, என்று வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் கரண்ட் வரக்கூடாது என்று நான் வேண்டியது அந்த ஒருமுறைதான்.

மய்லேன் ஈரத்தலையோடு வாசலுக்கு வந்தாள். டிஸ்க்கைப் பெருமையோடு நீட்டினாள்.

"விடிகாலைல கரண்ட் வந்ததும் முதல் வேலையா உங்களதுதான் போட்டேன். பிறந்தநாளுக்குன்னு சொன்னீங்களே. மூட்டை மாதிரி நிரப்பியிருக்கேன், ஊசி குத்த இடமில்ல."

"முன்னாடி இருந்தது?" என்றேன்.

"என்ன முன்னாடி இருந்தது? யாரு டிஸ்க் கொண்டாந்தாலும் துடைச்சுட்டுத்தானே நிரப்பறேன். ஊருக்கே தெரியுமே. துடைக்கலன்னா வைரஸ் வந்துச்சு, இடம் பத்தலன்னு என்னைத்தானே திட்டறீங்க!" பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தாள். "ஏன்? அதுல என்ன இருந்துச்சு?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கே தெரிந்த வழக்கம்தான். பௌதிலியோ அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரங்கின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"நான்தான் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிடு" என்றான். "என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், இனி மூஞ்சில முழிக்காதன்னு சொல்லட்டும். அவன் கையாலயே கழட்டிக் குடுத்தான்கறது மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்."

"குடுத்தது அவருக்கு ஞாபகம் இருக்காதா? ஊர் போன் நம்பர் மொத்தமும் ஞாபகம் வெச்சிருக்கற ஆளு அவரு. நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்."

திரும்பிப் போய் பொய் சொன்னேன். எங்கள் நாட்டில் எது கெட்டாலும் பழிபோடுவதற்கு ஒன்று தயாராக இருக்கிறது, யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். "கரண்ட் திரும்பி வந்தப்போ ஓங்கி அடிச்சிருக்கு. உள்டிஸ்க்ல ஒரு பக்கம் எரிஞ்சுபோச்சு. டோமினோ அந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

பௌதிலியோ வாசலில் நின்றான். "கரண்ட்டா" என்றார் எவெலியோ. "அதுக்கு எங்க தெரியும், எதை எரிக்கறோம்னு." எழுந்துபோய் எங்கள் மூன்று பேருக்கும் காப்பி போட்டார்.

டிஸ்க்கை என் வீட்டில் வைத்துக்கொண்டு, கரண்ட் இருந்த நேரமெல்லாம் தோண்டினேன். அழித்ததைத் தேடியெடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் அழித்த இடத்தின்மேல் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால்தான் அவற்றால் பயன். மய்லேன் நல்ல மனசோடு விளிம்புவரை நிரப்பியிருந்தாள். துருக்கி சீரியலும் பிரேசில் சீரியலும் நெரெய்தாவின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. கிளப் கம்ப்யூட்டர்களில் தேடினேன். அவள் போன பிறகு அவற்றைப் பலமுறை புதிதாக ஏற்றிவிட்டார்கள். அவள் போனில் போட்டோக்கள் இருந்தன. போட்டோ நிறைய இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. ஒலித்துண்டு அது. ஹெட்போனைக் காதில் வைத்து ஓட்டினேன். மேஜையில் காய்கள் உருண்டன. என் கை கலக்குகிற சத்தம். காய்கள் ஓய்ந்தன, அவள் வாயைத் திறக்க வேண்டிய இடம் வந்தது, அங்கே அறுந்துவிட்டது.

அத்தனை வார்த்தை பேசியவள் அவள். மிஞ்சியது என் கைச் சத்தம். ஹெட்போனைச் சுவரில் வீசியெறிந்தேன், அது உடைந்தது. அதையும் நானே ஒட்டவைத்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பொய் வெளிவரும். பிறந்தநாளும் வந்து போயிற்று. பௌதிலியோ மீன்குழம்பு கொண்டுவந்தான். தெருவில் டோமினோ மேஜை போட்டார்கள், எவெலியோவும் உட்கார்ந்தார். தன் முறை வரும்போதெல்லாம் காயைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பௌதிலியோ அன்று ஒருமுறைகூட இருமவில்லை. நியாயமாக ஆடி, படுமோசமாகத் தோற்றார்கள்.

அடுத்த வாரம் ரொட்டி கொடுக்கப் போனபோது எவெலியோ என்னை உட்காரச் சொன்னார்.

"மகளே, அன்னைக்கு இன்ஸ்பெக்டர் வாயை அடைச்சியே, எதுக்கு?"

"சொன்னேனே, தலைவலி..."

"மூச்சு முன்னாடி வருது பாரு" என்றார். "அவன் மீடியான்னு ஆரம்பிச்சுட்டான். வெளி டிஸ்க்கைச் செருகினா அதைத்தானே முதல்ல சொல்லுவான், எனக்குத் தெரியாதா? நெரெய்னு பாதி பேரும் சொன்னான். அப்புறம்தான் நீ அடைச்ச."

"அப்ப அன்னைக்கே..."

"அன்னைக்கே தெரியும். நான்தான் குடுத்தேன். இருட்டுல நான்தான் ராஜான்னு பீத்திக்கிட்டே, பிடுங்கிக் குடுத்தேன்." அவருடைய பெரிய கைகள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன. "பௌதிலியோ வாசல்ல மூச்சு விடாம நின்னான். சுறா வந்தாக்கூட சத்தம் போட்டே வாழ்ந்தவன் அவன். கரண்ட்டுதான்னு நான் நம்பிட்டதா அவன் நெனச்சுக்கட்டும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான், அப்படியே இருக்கட்டும். நீயும் சொல்லாத."

நான் அழுதேன். இந்தமுறை யாரும் வெளியே போய் அழச் சொல்லவில்லை. பிறகு என் வீட்டுக்குப் போய் அந்தத் துண்டைப் பென்டிரைவில் எடுத்துவந்தேன். "இவ்வளவுதான் கெடச்சுது. அவ குரல் இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஓட்டினேன்.

காய்கள் உருண்டன, ஓய்ந்தன, அறுந்தது.

"இது உன் கை" என்றார்.

"ஆமா."

"இன்னொரு தடவை போடு." போட்டேன். அது அறுந்த இடத்தில் அவர் விரலை உயர்த்தினார். "இங்கதான் மூச்சு எடுப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "மெனுவுல டோமினோன்னு பேரு இருக்கில்ல?" என்றார்.

"எடுத்துடவா?"

"எடுக்காத. அது இதைப் போடற மாதிரி பண்ணு."

ஒரு வரியை மாற்றும் வேலைதான். துண்டைக் கம்ப்யூட்டருக்குள் வைத்தேன், இன்னொரு பிரதியை என் வீட்டில் வைத்தேன், ஷார்ட்கட்டின் கடைசி வரியில் புதிய இடத்தை எழுதினேன். அவரே மெனுவைத் திறந்து "டோ" என்று தட்டினார். "டோமினோ" என்றான் இன்ஸ்பெக்டர். என்டர். ஷார்ட்கட் வேலை செய்தது.

இன்றும் மதியச் சாப்பாடு ஆனதும் சுவருக்கு அந்தப் பக்கம் என் கை காயைக் கலக்குகிறது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு ஆட்டம் ஆடி முடிக்கிற நேரம்வரைக்கும் ஒன்றும் கேட்காது. நான் பாத்திரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருப்பேன். பிறகு நாற்காலி பின்னால் நகரும், அவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பார்.